உண்மை வழக்கைப் படமாகப் பார்த்தபின்: எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் போக்சோ சட்டம் பற்றிய விளக்கம்

ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் படம் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற வரியோடு வந்துவிட்டால், அதைப் பார்த்த வீட்டில் அன்று இரவு தூக்கம் கெடும். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கமெல்லாம் ஒரே வீட்டில் தமிழ்ப் படமும் ஓடும், மலையாளப் படமும் ஓடும். எந்த மொழியில் பார்த்தாலும் மறுநாள் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இது எந்த ஊரில் நடந்தது? அந்தக் குழந்தை யார்? அவனை ஏன் இன்னும் தூக்கில் போடவில்லை? நம் பிள்ளைக்கு இப்படி ஏதாவது நடந்தால் தமிழ் மட்டுமே தெரிந்த நாம் யாரிடம் போய் என்ன சொல்வது?

முதல் மூன்று கேள்விகளைப் படம் கிளப்பிவிடுகிறது. நான்காவது, படத்தில் வராத கேள்வி. இப்படிப்பட்ட வழக்குகளின் தலையெழுத்து பெரும்பாலும் முதல் சில நாட்களில் எழுதப்படும் காகிதங்களில் இருப்பதால், இந்தக் கட்டுரை அந்த நான்காவது கேள்வியிலேயே அதிக நேரம் நிற்கும்.

'தழுவியது' என்றால் எவ்வளவு?

உண்மை வழக்கு ஒன்று பல ஆண்டுகள் இழுக்கும். படத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். அதனால் சில மாற்றங்களைப் படம் எடுப்பவர்கள் செய்தே ஆக வேண்டும்.

1. பலரை ஒருவராக்குவார்கள். நிஜத்தில் ஐந்து அதிகாரிகள் கைமாற்றிய கோப்பு, படத்தில் ஒரே நேர்மையான அதிகாரியின் கையில் இருக்கும்.

2. குற்றவாளியைப் பார்த்தவுடன் வெறுக்கும்படி காட்டுவார்கள். நிஜத்தில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டார், வீட்டுக்கு வந்துபோகிறவர். ஊரில் நல்ல பெயர் உள்ளவராகவும் இருப்பார். படம் பார்த்துப் பழகிய கண், முரடனைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவரைத் தவற விட்டுவிடும்.

3. தீர்ப்போடு கதை முடிந்துவிடும். நிஜத்தில் மேல்முறையீடு, மறுவிசாரணை, இழப்பீடு, குழந்தை திரும்பப் பள்ளிக்குப் போவது என்று அதன்பிறகும் நீளும்.

இதையெல்லாம் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் படத்தில் பார்த்ததையே சட்டம் என்று நம்பிக் காவல் நிலையத்துக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லையிலேயே நடந்த ஒரு வழக்கு

இந்தப் பகுதிக்காரர்களுக்குத் திரைக்கு வெளியே ஒரு வழக்கு தெரியும். 2017 ஜனவரியில் வாளையார் பகுதியில் 13 வயதுச் சிறுமி வீட்டில் இறந்து கிடந்தாள். ஏழு வாரம் கழித்து, மார்ச் 4 அன்று, 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் இறந்து கிடந்தாள். மூத்தவளின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் கொடுமைக்கான அறிகுறி பதிவாகியிருந்தது. அப்படியிருந்தும் வழக்கு வேகம் பிடித்தது இரண்டாவது சாவுக்குப் பிறகுதான்.

2019-இல், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போதிய ஆதாரம் இல்லையென்று விடுவித்தது. கேரளம் முழுவதும் கொந்தளித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. தொடக்க விசாரணை நடந்த விதத்தையும் அரசுத் தரப்பு வழக்கை நடத்திய விதத்தையும் அந்தத் தீர்ப்பு கடுமையாகக் கண்டித்தது. பின்னர் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2022-இல் சி.பி.ஐ.யின் முதல் குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்க மறுத்து, மேலும் விசாரிக்கச் சொன்னது. 2025-இல் சி.பி.ஐ. பெற்றோரையும் குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது. அவர்கள் அதை மறுக்கிறார்கள்.

இதைப் படமாக எடுத்தால் எந்தக் காட்சியில் கைதட்டல் விழும்? எனக்குத் தெரிந்து அப்படி ஒரு காட்சி இதில் இல்லை. முதல் சாவுக்கும் இரண்டாவது சாவுக்கும் நடுவில் இருந்த ஏழு வாரத்தில், பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வழக்கின் மையக் கேள்வி. அந்த நாட்களில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

போக்சோ: அடிப்படை

போக்சோ என்று நாம் சொல்வது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயது நிரம்பாத எவரும் இதன்படி குழந்தை. ஆண் பெண் வேறுபாடு இல்லை. மத்திய சட்டம் என்பதால் கோவையிலும் பாலக்காட்டிலும் ஒன்றேதான். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் வாழும் தமிழர்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கே பதிவாகும் மொழி தெலுங்கு என்பதுதான் வேறுபாடு.

முக்கியமான ஏற்பாடுகள்:

1. தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருந்தால், சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. 'பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று சொல்லும் தலைமையாசிரியர் தாமே குற்றம் செய்கிறார். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது.

2. இருபத்து நான்கு மணி நேரக் கெடு. தகவல் கிடைத்த காவல் நிலையம் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்கும் (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழு) சிறப்பு நீதிமன்றத்துக்கும் (போக்சோ நீதிமன்றம்) தெரிவித்தாக வேண்டும்.

3. குழந்தை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். சீருடை கூடாது. எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

4. மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயமில்லை. பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தாயோ தகப்பனோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம்.

உடம்பில் காயமில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரும்பாலான குழந்தைகள் நடந்து பல நாள், சிலர் பல மாதம் கழித்துத்தான் வாய் திறக்கிறார்கள். அதற்குள் காயம் இருந்திருந்தாலும் ஆறிப்போயிருக்கும். மேலும், பாலியல் நோக்கத்தோடு தொடுதல், காட்டுதல், குழந்தையைப் படமெடுத்தல் ஆகியவையும் இந்தச் சட்டத்தில் குற்றமே. அவற்றில் காயமே இருக்காது. ஆகவே வழக்கு பெரும்பாலும் குழந்தையின் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. நம்பும்படி இருந்தால் குழந்தையின் சாட்சியம் ஒன்றை வைத்தே தண்டிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. எல்லையோரத் தமிழர்களுக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழில் சொன்னது மலையாளத்தில் பதிவாகும்போது

சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வாக்குமூலத்தைக் 'குழந்தை சொன்னபடியே' பதிய வேண்டும் என்கிறது. காவல் அதிகாரி, மாஜிஸ்திரேட் இருவருக்கும் இது பொருந்தும். கேரளத்தில் காவல் நிலையப் பதிவு நடப்பது மலையாளத்தில். எல்லைப் பகுதி நிலையங்களில் தமிழ் பேசும் காவலர்கள் நிறைய உண்டு. ஆனால் பேசத் தெரிவது ஒன்று, கேட்டதை இன்னொரு மொழியில் பிசகாமல் எழுதுவது வேறொன்று.

எப்படிப் பிசகும் என்று கற்பனையாக ஓர் உதாரணம் பார்க்கலாம். எட்டு வயதுக் குழந்தைக்குத் தேதி தெரியாது. அது இப்படித்தான் சொல்லும்: 'மாரியம்மன் நோம்பி சாட்டின மறுநாளு, அம்மா கஞ்சிக்கோடு கம்பெனிக்குப் போனதுக்கப்புறம்.' கொங்குத் தமிழ் தெரிந்தவருக்கு இது துல்லியமான தேதி. நோம்பி சாட்டுவது, அதாவது திருவிழாவை அறிவிப்பது, திருவிழாவுக்குப் பல நாள் முன்பே நடக்கும். அந்தப் பக்கத்துப் பழக்கம் தெரியாத ஒருவர் 'கோயில் உற்சவத்தன்று' என்று எழுதிவிட்டால் நாள் மாறிவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், உற்சவத்தன்று தன் கட்சிக்காரர் திருச்சூரில் இருந்தார் என்று காட்டினால் போதும். குழந்தை நீதிமன்றத்தில் மறுபடி சரியாகவே சொன்னாலும், 'முன்பு போலீசில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாயே' என்ற கேள்வி வரும். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. ஆனாலும் வழக்கில் ஒரு முரண் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு இடமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரரையும் 'மாமா' என்பார்கள், அப்பாவின் நண்பரையும் 'மாமா' என்பார்கள். அதைத் தாய்மாமன் என்று எழுதினால் குற்றவாளியே மாறிப்போவார்.

இதைத் தடுக்கச் சட்டத்திலும் 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளிலும் வழி இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டியவை இவை:

1. மொழிபெயர்ப்பாளர். குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் எழுதப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதற்கென ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். பட்டம் பெற்ற மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தையின் மொழியும் மாநில மொழியும் நன்றாகத் தெரிந்தவராக, எந்தத் தரப்பையும் சாராதவராக இருந்தால் போதும். தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதற்குப் பொருத்தமாக இருப்பார். அக்கம்பக்கத்துக்காரரையோ, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்தவரையோ உட்கார வைக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

2. ஒலி, ஒளிப்பதிவு. முடிந்த இடத்திலெல்லாம் வாக்குமூலத்தை வீடியோவிலும் பதிய வேண்டும் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. மொழிச் சிக்கல் உள்ள இடத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. பின்னால் எழுத்தில் தகராறு வந்தால், குழந்தை தன் வாயால் தமிழில் சொன்னது அப்படியே இருக்கும்.

3. படித்துக் காட்டச் சொல்வது. எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

4. துணை நபர். குழந்தைகள் நலக்குழு ஒரு துணை நபரை நியமிக்கலாம். விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை குழந்தையோடு வருவதே அவர் வேலை. தமிழ் தெரிந்தவராக வேண்டும் என்று நலக்குழுவிடமே கேளுங்கள்.

5. தமிழிலேயே மனு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் இந்த உரிமையைப் பயன்படுத்தும் நம் மக்கள், குழந்தை விஷயத்தில் கூச்சத்தால் வாய் மூடி நிற்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

மூணாறு, மறையூர், பீருமேடு தோட்டப் பகுதிகளிலும் இதே நிலைதான். அங்கே குடும்பமே எஸ்டேட் லயத்தில் இருக்கும். புகாருக்குப் பிறகும் அதே வரிசையில், சில சமயம் அதே சுவருக்கு அடுத்த பக்கம், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் குழந்தையைப் பாதுகாப்பான வேறிடத்தில் தங்க வைக்கும் முடிவை நலக்குழு எடுக்கலாம்.

குற்றம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்

வேலந்தாவளத்தில் வீடு, சோதனைச்சாவடி தாண்டிக் கோவைப் பக்கம் உறவினர் வீடு. விடுமுறைக்குப் போன இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் காவல் நிலையம் 'அது க.க.சாவடி எல்லை, அங்கே போங்க' என்று திருப்பி அனுப்பலாமா? கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சு வழக்கில் இதை 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். பதிந்த பிறகு குற்றம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கு அதை மாற்றுவது காவல்துறையின் வேலை, குடும்பத்தின் வேலை கிடையாது.

மலையாளத்தில் பதிவான கோப்பு தமிழ்நாட்டுக்குப் போகும்போது அதையும் மொழிபெயர்க்க வேண்டிவரும். தமிழில் சொன்னது மலையாளமாகி, மறுபடி தமிழாவதற்குள் பிசகு இரட்டிப்பாகும். மேலே சொன்ன வீடியோ பதிவு இங்கே இன்னும் முக்கியமாகிறது.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

படங்களில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தைமேல் பாய்ந்து பாய்ந்து கேள்வி கேட்பார். போக்சோ நீதிமன்றத்தில் அப்படிச் செய்ய முடியாது. இரு தரப்புக் கேள்விகளும் நீதிபதி வழியாகத்தான் குழந்தைக்குப் போக வேண்டும். மிரட்டும் கேள்விக்கும் நடத்தையை இழிவுபடுத்தும் கேள்விக்கும் தடை உண்டு. திரையோ வீடியோ வசதியோ வைத்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேரில் பார்க்காதபடி செய்ய வேண்டும். விசாரணை பொதுமக்கள் இல்லாத அறையில் நடக்கும். நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இந்தக் கெடுக்கள் அடிக்கடி தவறுகின்றன.

இன்னொரு குழப்பம்: 'போக்சோவில் குற்றவாளிதான் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும், அப்புறம் எப்படி விடுதலை ஆகிறார்கள்?' 29-ஆம் பிரிவில் அப்படியொரு அனுமானம் இருப்பது உண்மைதான். ஆனால் சம்பவத்தின் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. அந்த அடிப்படை எங்கிருந்து வரும்? முதல் நாட்களில் எழுதிய வாக்குமூலத்திலிருந்தும் மருத்துவ அறிக்கையிலிருந்தும் சேகரித்த பொருட்களிலிருந்தும்தான்.

தண்டனை போதவில்லையா?

சுருக்கமாக: 2019 திருத்தத்துக்குப் பிறகு மிகக் கடுமையான குற்றங்களுக்குக் குறைந்தது 20 ஆண்டு சிறை, மரண தண்டனை வரை போகலாம். ஆகவே சட்டத்தில் கடுமை இல்லாமல் இல்லை. தெரிந்தவரும் உறவினருமே பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும் நிலையில், 'நீ சொன்னா மாமாவைத் தூக்குல போட்டுருவாங்க' என்ற ஒரே பேச்சு போதும், குழந்தை சொன்னதைத் திரும்பப் பெற. தண்டனையைக் கூட்டச் சொல்லும் குரலைவிட, விசாரணையை ஒழுங்காகச் செய்யச் சொல்லும் குரல் குழந்தைகளுக்கு உதவும் என்பது என் கருத்து.

நிஜக் குழந்தையைத் தேடாதீர்கள்

படம் பார்த்தவர்கள் அடுத்ததாகச் செய்வது, கைப்பேசியில் உண்மைப் பெயரைத் தேடுவது. கிடைத்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகிய எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று போக்சோவின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. தனி மனிதர்கள் வெளியிடுவதையும் வேறு சட்டங்கள் குற்றமாக்குகின்றன. இறந்துபோன குழந்தைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர்நீதிமன்றம்.

பிழைத்திருக்கும் குழந்தை இன்று பெரிய பிள்ளையாகி எங்கோ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் பழைய புகைப்படம் ஒரு படத்தால் மறுபடி ஊரெல்லாம் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு குழந்தை சொன்னால்

இப்படியொரு படத்தையோ அதைப் பற்றிய பேச்சையோ கேட்ட பிறகு சில குழந்தைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குவதுண்டு. அப்போது:

1. முதலில் முழுக்கக் கேளுங்கள். 'நீ ஏன் அங்க போன?', 'அப்பவே ஏன் சொல்லல?' என்ற கேள்விகள் வேண்டாம். 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல' என்பது போதும்.

2. திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பாட்டியிடம் ஒரு தடவை, சித்தியிடம் ஒரு தடவை என்று சொல்ல வைத்தால், 'சொல்லிக் கொடுத்தது' என்று எதிர்த்தரப்பு வாதாட இடமாகிவிடும். குழந்தைக்கும் அது மறுபடி மறுபடி வதை.

3. குழந்தை பேசுவதைக் கைப்பேசியில் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, அதே தமிழில், தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

4. அண்மையில் நடந்திருந்தால் உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

5. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அவசரமென்றால் 112. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்க முன்வந்தால் ஏற்காதீர்கள். பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

வழக்கென்று போனால் கூலி போகும், பஸ் செலவு, வைத்தியச் செலவு வரும் என்று தினக்கூலிக் குடும்பங்கள் தயங்குவது நியாயமான தயக்கம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக்குழு சிறப்பு உதவிக்குப் பரிந்துரைக்கலாம். சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் பிடிபடாவிட்டாலும், விடுதலையே ஆனாலும்கூட, குழந்தைக்கு இழப்பு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம்.